ஆறு நொடிக்கு ஓர் அலை

“கடல் நடுவே நிற்கும் எண்ணெய் மேடையைச் சாய்க்க எவ்வளவு உயரமான அலை வேண்டும்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 1995 ஜனவரி 1 அன்று வட கடலில் உள்ள டிராப்னர் மேடையை 25.6 மீட்டர் உயர அலை ஒன்று கடந்து போனதைக் கருவி பதிவு செய்திருக்கிறது. மேடைக்குச் சிறு சேதம்தான். ஆனால் 1980 மார்ச் 27 மாலை, அதே வட கடலில், அந்தக் கடலுக்குப் பழக்கமான காற்றிலும் அலையிலும் அலெக்சாண்டர் கீலண்ட் என்ற மிதக்கும் மேடை கவிழ்ந்தது. அதில் இருந்த 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். அலையின் உயரத்தை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. எத்தனை அலைகள் என்று எண்ண வேண்டும்.

ஆறு நொடிக்கு ஓர் அலை என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 50 லட்சத்தைத் தாண்டும். இருபது ஆண்டில் 10 கோடி. ஒவ்வொன்றும் எஃகுக் குழாய்களைக் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் அழுத்திவிட்டுப் போகும். கம்பியைத் திரும்பத் திரும்ப மடக்கி நிமிர்த்தினால் முறிந்துவிடும் அல்லவா, அதேதான். உலோகச் சோர்வு என்று பெயர்.

சரி, கம்பியைக் கையால் நன்றாக வளைக்கிறோம். அலையோ மேடையின் குழாயைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான் அசைக்கிறது. பிறகு எப்படி முறிகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

எஃகில் மயிரிழை போல ஒரு விரிசல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இழுவிசை அந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் விசை முழுவதும் விரிசலின் முனையில் வந்து நெரிசலாகிறது. குழாயின் மற்ற பகுதி சுருள்வில் போல நீண்டு பழையபடி சுருங்கிவிடும். முனையில் மட்டும், ஒரு தூசி அளவு இடத்தில், அணு அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிவிடுகின்றன. விரிசல் வாய் திறக்கிறது, கூர்முனை மழுங்குகிறது, புதிதாகக் கொஞ்சம் எஃகு வெளியே தெரிகிறது. அலை கடந்ததும் சுற்றியுள்ள எஃகு தன் இடத்துக்குத் திரும்பி அந்த வாயை மூடுகிறது. வழுக்கிய அடுக்குகள் மட்டும் பழைய இடத்துக்குப் போவதில்லை. மடிந்து, முனை மறுபடி கூராகிறது, முன்பு இருந்த இடத்திலிருந்து ஓர் அடி எடுத்து வைத்தது போலத் தள்ளி. அந்த அடி ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்காக இருக்கலாம். ஆனால் விரிசல் நீள நீள நெரிசலும் கூடும், அடியும் பெரிதாகும். ஆண்டுக்கணக்கில் ஊர்ந்த விரிசல் கடைசியில் ஓடும்.

முறிந்த பரப்பை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் இந்த அடிகள் வரிவரியாகத் தெரியும். பல இடங்களில் ஒரு சுமைக்கு ஒரு வரி! வெறும் கண்ணுக்கே தெரியும் பெரிய பட்டைகளும் உண்டு. ஈர மணலில் அலை விட்டுச் செல்லும் கோடுகளைப் போலிருப்பதால் அவற்றுக்குக் கடற்கரைத் தடங்கள் என்றே பெயர்.

முதல் விரிசல் பெரும்பாலும் வெல்டிங்கின் ஓரத்தில் பிறக்கிறது. கீலண்டின் ஒரு காலைப் பிடித்திருந்த குழாய்களில் ஒன்று சுமார் 2.6 மீட்டர் விட்டம் கொண்டது. அதில் துளை போட்டு, ஹைட்ரோபோன் என்ற ஒலிவாங்கிக்காக ஒரு சிறிய தாங்கியைச் செருகி, 6 மில்லிமீட்டர் வெல்டிங்கால் பிடித்திருந்தார்கள். பாரம் தாங்கும் உறுப்பாக யாரும் அதை நினைக்கவில்லை. விபத்துக்குப் பின் விரிசலுக்குள் பெயிண்ட் இருந்தது தெரிந்தது. அதாவது, கட்டும்போதே விரிசல் இருந்திருக்கிறது. அந்தக் குழாய் முறிந்ததும் அதன் சுமை மற்ற ஐந்தின் மேல் விழுந்தது, அவையும் முறிந்தன, கால் கழன்றது, சுமார் 20 நிமிடத்தில் மேடை கவிழ்ந்தது. இப்படிப்பட்ட விபத்தைக் ‘கடல் பலி கேட்டது’ என்று சொல்லிக் கடந்து போவதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படிச் சொன்னால் அந்தப் பெயிண்டை யார் தேடியிருப்பார்கள்?

தடுப்பது எப்படி? வெல்டிங் எஃகில் ஆயுள் ஏறக்குறைய விசையின் மூன்றாம் அடுக்குக்கு எதிராக மாறும். ஒரு மூட்டில் ஏறி இறங்கும் விசையைப் பாதியாக்கினால் ஆயுள் எட்டு மடங்கு. அதனால்தான் வெல்டிங் ஓரத்தை கிரைண்டரால் மழமழப்பாக்கும் சாதாரண வேலைக்கு அவ்வளவு மதிப்பு. அப்புறம், ஒரு குழாய் போனாலும் மேடை நிற்க வேண்டும் என்று நார்வே விதிகளையே மாற்றியது. கண்காணிப்பிலும் ஓர் அழகான உத்தி உண்டு. உள்ளே காற்று மட்டும் இருக்க வேண்டிய குழாயில் தண்ணீர் இருக்கிறதா என்று வெளியிலிருந்தே மீயொலியால் பார்க்கிறார்கள். இருந்தால் விரிசல் சுவரைத் துளைத்துவிட்டது என்று பொருள்.

துரு இதைவிடத் தெரிந்த எதிரி. துத்தநாகம் அல்லது அலுமினியக் கட்டிகளைப் பொருத்தினால் எஃகுக்குப் பதில் அவை கரையும். 1824-இலேயே ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி கப்பல்களின் செப்புத் தகடுகளை இப்படிக் காத்தார். ஆனால் அலை தெறிக்கும் உயரத்தில் இது பயன்படாது. அங்கே பூச்சும் கூடுதல் தடிப்பும்தான் துணை.

துருவும் சோர்வும் சேர்ந்தால் கதை மோசமாகிறது. காற்றில் எஃகின் மேல் ஏறி இறங்கும் விசைக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே எத்தனை முறை அசைத்தாலும் முறியாது. பாதுகாப்பின்றிக் கடல்நீரில் விட்டால் அந்த எல்லையே மறைந்துவிடும். இதைச் சோதனைக்கூடத்தில் அவசரமாக அளக்கவும் முடியாது. வேகமாக அசைத்தால் உப்புநீர் வேலை செய்ய நேரமிருக்காது. அலையின் வேகத்திலேயே அசைக்க வேண்டும். ஒரு கோடி அசைவுக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு. அதுவும் ஒரே ஒரு மாதிரிக்கு. மூன்று ஆண்டில் முடிவைக் கேட்கும் நிதித் திட்டங்களில் இதற்கு இடம் கிடைப்பது கடினம். என்னைக் கேட்டால், பத்து ஆண்டுக்குச் சேர்த்தே பணம் ஒதுக்கி, பத்து இயந்திரங்களை உப்புநீர்த் தொட்டிகளில் அசையவிட வேண்டும்.