பழைய ரிவோல்வர்: வயதைச் சொல்லும் முத்திரைகளைத் தேய்த்து அழிக்காதீர்கள்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் பழைய வீடுகளை விற்கும்போதோ இடிக்கும்போதோ, அலுமாரி லாச்சிக்குள் இருந்து உள்ளங்கையில் அடங்கும் ரிவோல்வர் ஒன்று வெளிவருவது புதிதல்ல. வீட்டார் உடனே எமரி தாளும் பிராசோவும் எடுத்துக் கறளைத் தேய்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அது எந்த ஊரில், எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்று காட்டும் முத்திரைகள் அந்தத் தேய்ப்பிலேயே போய்விடுகின்றன. ஒரு முத்திரையின் அகலம் சில மில்லிமீற்றர்தான். கடற்காற்று ஏற்கெனவே பாதியை அரித்திருக்கும். மிச்சத்தை நாம் அழிக்கக் கூடாது.

ஆனால் முத்திரைக்கு முன் பாதுகாப்பு. "பழசுதானே, வெடிக்காது" என்று விசையை இழுத்துப் பார்க்காதீர்கள். உருளையின் பின்விளிம்பில் ஒவ்வொரு அறைக்கும் சிறு வெட்டு இருந்து, அதனூடாக மெல்லிய ஊசி நீட்டிக்கொண்டு நின்றால், அது லெஃபோஷோ வகை. அந்த ஊசி தோட்டாவின் பகுதி. அதில் விழும் அடிதான் தோட்டாவை வெடிக்க வைக்கும். சீமெந்துத் தரையில் தவறி விழுந்தாலே போதும். எந்த வகையானாலும், பாசி பிடித்து இறுகிய தோட்டாவைக் கம்பியால் குத்தி எடுக்க முயலாமல் அப்படியே வைத்துவிட்டுப் பொலிஸுக்கு அறிவியுங்கள்.

சட்டத்தையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். தகப்பனின் உரிமம் மகனுக்குத் தானாக வராது. "இது தொல்பொருள்" என்ற வாதமும் எடுபடாது: 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றையே தொல்பொருள் என்கிறது, தோட்டா போடும் ரிவோல்வர் அதற்குப் பல பத்தாண்டுகள் பிந்தியது. உரிமமில்லாத ஒன்று கையில் அகப்பட்டால், மதிப்பீட்டுக்கென்று முச்சக்கரவண்டியில் எடுத்துக்கொண்டு திரியாதீர்கள். சட்டத்தரணி ஒருவரைக் கேட்டு, இருந்த இடத்திலேயே வைத்துப் பொலிஸ் நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.

உரிமம் உள்ள, வெறுமையானது என்று உறுதிசெய்த ரிவோல்வரென்றால் வாசிக்கலாம். பருத்தித் துணியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மெதுவாகத் துடைத்தால் போதும். டோர்ச்சைப் பக்கவாட்டில், இரும்போடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து நிழல் விழுந்து எழும்பும். உருளையின் பக்கமும் பின்முகமும், குழலின் அடி, சட்டகத்தின் இடப்புறம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். கைப்பிடிப் பலகைக்குக் கீழும் இலக்கம் இருக்கலாம். ஆனால் வாய் பொருந்தாத திருப்புளி ஆணியின் வெட்டைச் சிதைத்துவிடும்; சரியானது இல்லாவிட்டால் கழற்ற வேண்டாம்.

மேற்பட்டையில் "பிரிட்டிஷ் புல்டோக்" என்று பெரிதாக வெட்டிய, 320 என்ற அளவுள்ள ஐந்து தோட்டா ரிவோல்வரை எடுத்துக்கொள்வோம். பெயரைப் பார்த்து இங்கிலாந்துச் சாமான் என்று விலை சொல்வார்கள். உருளையில் நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்ற மூன்று எழுத்துகள் இருந்தால் அது வெடியின் அழுத்தத்தைத் தாங்குமா என்று பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் பரிசோதிக்கப்பட்டது. இங்கிலாந்தின் வெப்லி கொம்பனி 1872இல் வெளியிட்ட புல்டோக்கைப் பார்த்து அங்கே ஏராளமாகச் செய்தார்கள். அந்த நீள்வட்டத்தின் மேல் கிரீடம் ஏறியது 1893இல். பக்கத்தில் பரிசோதகரின் எழுத்தொன்று இருக்கும். அதன் மேல் நட்சத்திரம் இருந்தால் 1877க்குப் பிந்தியது. ஆக, கிரீடமில்லாத நீள்வட்டமும் நட்சத்திர எழுத்தும் சேர்ந்திருந்தால் 1877க்கும் 1893க்கும் இடைப்பட்டது. வேறு எந்தக் கடதாசியும் இல்லாமல் பதினாறு வருடத்துக்குள் வந்துவிட்டோம். எமரி தாள் தின்பது இந்தச் சின்ன நட்சத்திரத்தைத்தான்.

பேர்மிங்ஹாம் முத்திரையில் கிரீடத்தின் கீழ் குறுக்கிட்ட இரண்டு செங்கோல்கள் இருந்தால் 1904க்கு முந்தியது. அதன்பின் கிரீடத்தின் கீழ் பி.வி., பி.பி., என்.பி. என்ற எழுத்துகள் வந்தன. என்.பி. என்பது புகையில்லா வெடிமருந்துக்கான சோதனை. அது இல்லாத, கரிமருந்துக் காலத்து உருளையில் புதுத் தோட்டா பொருந்தினாலும் போடவே கூடாது. அழுத்தம் தாங்காமல் உருளை பிளக்கும்.

பொறித்திருக்கும் திகதியைக் கண்டும் ஏமாற வேண்டாம். ஸ்மித் அன்ட் வெசனின் சின்ன .22 ரிவோல்வரில் 1855 ஏப்ரல் 3 என்று இருக்கும். அது உருளைக்கான காப்புரிமை பெற்ற நாள். அந்தக் கொம்பனி முதல் ரிவோல்வரையே 1857இல்தான் விற்றது. 1860களில் செய்தவற்றிலும் அதே திகதிதான்.

குழலில் "ரொட்டா, கல்கத்தா" என்றோ கொழும்புக் கடையொன்றின் பெயரோ இருந்தால் அது விற்றவர் பெயர். முகவரியும் சேர்ந்திருந்தால் பெரிய உதவி. கறுவாத்தோட்டத்தில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பெர்குசன் சிலோன் டிரெக்டரியின் பழைய தொகுதிகளைக் கேட்டு, அந்தக் கடை அந்த முகவரியில் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை இருந்தது என்று பாருங்கள். அந்த ஆண்டுகளை முத்திரை காட்டும் காலத்தோடு ஒட்டிப் பார்த்தால் இடைவெளி இன்னும் சுருங்கும்.