டெல்கோ: தீப்பொறி பகிர்வி

மொரீசியசின் பழைய கார் கராஜ்களில் "டெல்கோவைக் கொஞ்சம் திருப்பு" என்றால் எதைத் திருப்புவது என்று யாரும் கேட்பதில்லை. கருப்பு மூடி போட்டு, நடுவில் ஒரு தடித்த வயரும் சுற்றிலும் நான்கு வயர்களும் செருகிய உருளை அது. பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டர்களுக்குத் தீப்பொறியை வரிசைப்படி பங்கிட்டுத் தருவது அதன் வேலை.

பெயர் பிரெஞ்சுப் பேச்சு வழக்கில் வந்தது. ஆனால் பிரெஞ்சுச் சொல் அல்ல. 1909-இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங்கும் எட்வர்ட் டீட்ஸும் தொடங்கிய 'டேட்டன் எஞ்சினியரிங் லேபரட்டரீஸ் கம்பெனி'யின் முதலெழுத்துகள் அவை. முறையான பிரெஞ்சுச் சொல் 'அலுமேர்', அதாவது பற்றவைப்பது. ஆங்கில 'டிஸ்ட்ரிபியூட்டர்' லத்தீன் வழி வந்தது. பங்கிட்டுக் கொடுப்பது என்று பொருள்.

தமிழில் 'விநியோகிப்பான்' என்று எழுதினால் சரக்கு விற்பவர்தான் நினைவுக்கு வருவார். 'பகிர்வி' சுருக்கமாக இருக்கிறது. வெறும் 'பொறி' இயந்திரத்தையும் குறிக்கும் என்பதால் 'தீப்பொறி பகிர்வி' என்பதே நல்லது. டைமிங்குக்குப் 'பற்றவைப்பு நேரம்' போதும். அட்வான்ஸை 'முன்னேற்றம்' என்பது தவறு. பெட்ரோல் கலவை எரிந்து பரவச் சிறிது நேரம் பிடிக்கும். அதனால் பிஸ்டன் உச்சியைத் தொடுமுன்பே பொறி விழ வேண்டும். அது 'முற்படுத்தல்', எதிர்ச்சொல் 'பிற்படுத்தல்'.

டைமிங் வைக்கும் முறைக்கு, பழைய பிரிட்டிஷ் காரான மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். டெல்கோவுக்குள் திறந்து மூடும் மின்தொடுப்பான பாயிண்டின் இடைவெளியை முதலில் 0.36 முதல் 0.41 மி.மீ.க்குள் வையுங்கள். இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறந்து டைமிங்கும் முற்படும். அதனால் இந்த வரிசையை மாற்றக்கூடாது. முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, ஓட்டையைக் கட்டைவிரலால் மூடி எஞ்சினைச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளும்போதுதான் அழுத்தச் சுற்று. இதைப் பார்க்காமல் கிராங்க் தண்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின்) முனையிலுள்ள புல்லிக் குறியை மட்டும் நம்பினால், டெல்கோவுக்குள் சுற்றிப் பொறியை ஒவ்வொரு வயருக்கும் தரும் ரோட்டர் நேரெதிர்ப் பக்கம் நிற்கும், வண்டி கிளம்பாது. புல்லிக் குறியை உங்கள் எஞ்சினுக்குரிய டிகிரியில் நிறுத்துங்கள்.

இனி 12 வோல்ட் பல்பு ஒன்றைக் காயிலிலிருந்து (பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் சுருளிலிருந்து) டெல்கோவின் பாயிண்டுக்குப் போகும் மெல்லிய வயரின் முனைக்கும் எர்த்துக்கும் (வண்டியின் உலோக உடலுக்கும்) இடையில் மாட்டி, சாவியைப் போடுங்கள். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, டெல்கோவை ரோட்டர் சுற்றும் பக்கமாகப் பல்பு அணையும்வரை திருப்புங்கள். பிறகு எதிர்ப்பக்கம் மெல்ல, மிக மெல்ல. பல்பு எரிந்த கணத்தில் பாயிண்ட் திறக்கிறது, அங்கேயே இறுக்குங்கள். இந்த எஞ்சினில் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும், பற்றும் வரிசை 1-3-4-2. டெல்கோவின் 1 டிகிரி கிராங்க் தண்டில் 2 டிகிரி. கை சற்று நகர்ந்தாலே வித்தியாசம் தெரிவது அதனால்தான்.

அளவுக்கு மீறி முற்பட்டால், போர்ட் லூயிஸிலிருந்து கியூர்பிப்புக்கு மேடேறும்போது எஞ்சினுக்குள் 'டக் டக்' என்று தட்டும் சத்தம் கேட்கும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் சேதமாகும். பிற்பட்டால் இழுப்பு குறையும், எஞ்சின் சூடேறும், பெட்ரோல் வீணாகும்.

கடைசியில், சுற்றும் குறியை நின்றதுபோல் காட்டும் ஸ்ட்ரோப் விளக்கு. டெல்கோவுக்கு வரும் வேக்குவம் குழாயைக் கழற்றி, அதன் வாயை அடைத்துவிட்டு ஐடிலில் புல்லிக் குறியைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரைக் கூட்டினால் குறி தானாக முற்பட வேண்டும். அசையாவிட்டால் டெல்கோவைத் திருப்பிப் பயனில்லை. அதன் அடித்தட்டின் கீழ், வேகத்துக்கேற்ப விரிந்து பொறியை முற்படுத்தும் எடைகள் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். அவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்து, அச்சுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஸ்பிரிங்குகள் இழுபடுகின்றனவா என்று பார்த்தபின் மறுபடி பல்பிலிருந்து தொடங்குங்கள்.