சூப்பர்சானிக்: ‘மீயொலி’ என்றால் போதுமா?

‘சூப்பர்’, ‘சோனஸ்’ என்ற இரண்டு லத்தீன் வேர்களால் ஆன சொல் சூப்பர்சானிக். முன்னது மேலே, மிஞ்சி என்று பொருள்படும், பின்னது ஒலி. சரி, ஒலியின் எதை மிஞ்சியது? சுருதியையா, வேகத்தையா?

ஆங்கிலமே இதில் தடுமாறியிருக்கிறது. 1920களில் மனிதக் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியைத்தான் சூப்பர்சானிக் என்றார்கள். விமானங்கள் ஒலியின் வேகத்தை நெருங்கிய பிறகு சொல் வேகத்துக்குப் போய்விட்டது; கேளாத ஒலிக்கு ‘அல்ட்ராசானிக்’ நிலைத்தது.

தமிழில் அந்தப் பாகப்பிரிவினை இன்னும் முடியவில்லை. கருவிலுள்ள குழந்தையைப் பார்க்கும் ஸ்கேனுக்கும் மீயொலி என்கிறோம், ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்ட் பயணிகள் விமானத்துக்கும் மீயொலி என்கிறோம். ‘மீ’ அருமையான முன்னொட்டு. உயர்வும் மிகுதியும் அதில் உண்டு. ‘மீக்கூறும் மன்னன் நிலம்’ என்று குறளிலேயே இருக்கிறது. அதைக் கைவிட வேண்டாம். விடுபட்டது ‘வேகம்’ என்ற சொல்தான்.

கான்கார்டில் நடந்த எல்லாமே வேகத்தின் வேலை. 18 கிலோமீட்டர் உயரம் வரை ஏறி, ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்தில், அதாவது மணிக்கு 2,100 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். முன்னால் காற்று நெரிபட்டுச் சூடேறும். அந்தச் சூட்டில் விமான உடல் பல அங்குலம் நீளும். விமானி அறையில், பொறியாளரின் கருவிப் பலகைக்கும் பின்சுவருக்கும் நடுவே பறக்கும்போது மட்டும் ஓர் இடைவெளி திறக்கும். கடைசிப் பயணங்களில் பொறியாளர்கள் தங்கள் தொப்பியை அதில் செருகிவிட்டார்கள். தரையிறங்கி உலோகம் குளிர்ந்ததும் இடைவெளி மூடிக்கொள்ள, தொப்பி அங்கேயே சிக்கியது. இந்த விமானத்தைப் பற்றி நான் படித்ததில் இதைத்தான் மறக்கவே முடியவில்லை.

1972இல் பிரிட்டன் தரப்பில் கான்கார்டுக்கு ஆர்டர் கொடுத்தது பி.ஓ.ஏ.சி. என்ற விமான நிறுவனம். 1974இல் அதுவும் பி.இ.ஏ. என்ற இன்னொரு விமான நிறுவனமும் இணைந்து பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஆகிவிட்டதால், 1976 ஜனவரி 21இல் லண்டனிலிருந்து பஹ்ரைனுக்கு முதல் பயணிகளை ஏற்றிச் சென்றபோது விமானத்தில் பி.ஓ.ஏ.சி. பெயர் இல்லை. ஆனால் வானொலியில் அதன் அழைப்புப் பெயரான ‘ஸ்பீட்பேர்ட்’, அதாவது வேகப் பறவை, பிழைத்துக்கொண்டது. 1930களில் பி.ஓ.ஏ.சி.யின் முன்னோடியான இம்பீரியல் ஏர்வேஸின் சின்னமாக இருந்த பறவை அது. இம்பீரியலும் போனது, பி.ஓ.ஏ.சி.யும் போனது, 2003இல் கான்கார்டும் ஓய்வுபெற்றது. இன்றும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானிகள் வானொலியில் ‘ஸ்பீட்பேர்ட்’ என்றே சொல்கிறார்கள்.

ஆகவே சூப்பர்சானிக் விமானத்தை ‘மீயொலிவேக விமானம்’ என்று எழுதலாம். நீளம் என்று தோன்றினால் ‘ஒலிமிஞ்சு விமானம்’ என வினைத்தொகையாக்கிக்கொள்ளலாம். நாவில் எளிதாக வருகிறது. வெறும் மீயொலியை ஸ்கேனுக்கு விட்டுவிடுவோம்.