உப்பைக் கழித்தால் தெரியும் உரம்

மும்பையில் மித்தி ஆறு கடலில் சேரும் மாகிம் கழியின் நீரைக் கண்ணாடிக் குப்பியில் அள்ளி வெயிலுக்கு நேரே பிடித்தால் சேறு தெரியும். அதில் எவ்வளவு நைட்ரேட் கரைந்திருக்கிறது என்பது தெரியாது. நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆயினும் வயலுக்கு யூரியா எப்படியோ, கடலில் மிதந்து வாழும் நுண்பாசிகளுக்கு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அப்படி. குறைந்தால் பாசி வளராது, மீனுக்கு இரை கிடைக்காது. மிகுந்தால் பாசி பெருகி, மடிந்து, அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும்.

பருவக்காற்று ஓய்ந்த மாதங்களில், கரையிலிருந்து விலகிய அரபிக்கடலின் மேல்மட்ட நீரில் லிட்டருக்கு ஒரு மைக்ரோமோல் நைட்ரேட்கூடப் பெரும்பாலும் இருப்பதில்லை. அதை எடையாகச் சொன்னால் 62 மைக்ரோகிராம், அதாவது ஏறத்தாழ ஒரு தூள் உப்புப் பரல். 1000 மீட்டர் ஆழத்திலோ அது 30 மைக்ரோமோலைத் தாண்டும். கரையோரத்தில் நிலைமை மணிக்கு மணி மாறுகிறது. மும்பையில் நாளுக்கு இருமுறை நீர் ஏறி வற்றுகிறது. பெரிய ஏற்ற நாள்களில் இரண்டுக்கும் இடையே 4 மீட்டருக்கு மேல் வேறுபாடு உண்டு. ஏற்றத்தின்போது மாகிமில் நிற்பது கடல், வற்றத்தின்போது நிற்பது மித்தி ஆறு. காலையில் எடுத்த ஒரு குப்பி நீர் மாலை நிலவரத்தைச் சொல்லாது என்பதால்தான், நீருக்குள்ளேயே கிடந்து இடைவிடாமல் அளக்கும் ஒளி உணரிகள் தேவைப்படுகின்றன.

அவற்றின் அடிப்படையை, தமிழர்கள் பலர் வாழும் மும்பைப் பகுதியான மாட்டுங்காவில் எந்த வீட்டுச் சமையலறையிலும் பார்க்கலாம். ஃபில்டரில் இறங்கிய டிகாக்‌ஷன் கரண்டியில் தேன் நிறமாகவும், கண்ணாடி டம்ளர் நிறைய இருக்கும்போது கறுப்பாகவும் தெரிகிறது. டிகாக்‌ஷன் ஒன்றுதான், ஒளி கடந்து வரும் தொலைவுதான் வேறு. முதல் மில்லிமீட்டர் தன்மீது விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கை விழுங்கினால், அடுத்த மில்லிமீட்டர் எஞ்சியதில் பத்தில் ஒரு பங்கை விழுங்கும். 1729இல் புகேரும் 1760இல் லம்பெர்ட்டும் தொலைவுக்குச் சொன்ன இந்தக் கணக்கைக் கரைசலின் அடர்த்திக்கும் 1852இல் பீர் விரிவாக்கினார். தொலைவு தெரிந்தால், மங்கிய அளவை வைத்து அடர்த்தியைக் கண்டுவிடலாம்.

நைட்ரேட் நம் கண்ணுக்கு நிறமற்றதே தவிர, புறஊதா ஒளிக்கு அது டிகாக்‌ஷன்தான். 240 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளங்களை நன்றாக விழுங்குகிறது. புறஊதா ஒளி தரும் ஒரு டியூட்டீரியம் விளக்கு, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் நீர் புகுந்து செல்லும் இடைவெளி, எதிரே ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் ஒரு நிறமாலைமானி என்று கருவி எளிமையாகவே இருக்கிறது. சிக்கல் கடலில் இருக்கிறது. கடல் உப்பில் உள்ள புரோமைடும் இதே அலைநீளங்களையே விழுங்குகிறது. அது லிட்டருக்கு 800 மைக்ரோமோலுக்கும் மேல். சந்தை இரைச்சலில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பது போன்ற வேலை இது. ஆனால் இந்த இரைச்சல் கணிக்கத்தக்கது. கடல்நீரின் உப்புத்தன்மை தெரிந்தால் புரோமைடு எவ்வளவு என்பது தெரிந்துவிடும். வெப்பநிலை ஏறினால் அது விழுங்கும் ஒளியும் கூடும் என்பதால் வெப்பநிலையையும் உடன் அளந்து, புரோமைடின் பங்கை அப்படியே கழித்துவிடலாம். அமெரிக்காவின் மான்டரே விரிகுடா ஆய்வு நிறுவனத்தில் கென்னத் ஜான்சனும் லூக் கொலெட்டியும் 2002இல் இத்தகைய கருவியை விவரித்தார்கள். வெப்பநிலைத் திருத்தம் 2009இல் செம்மையானது. கருவியைவிட இந்தக் கழித்தலே பெரிய கண்டுபிடிப்பு என்பது என் எண்ணம்.

கழித்தல் எங்கே தடுமாறுகிறது என்பதை மாகிம் காட்டும். அழுகிய கரிமப் பொருள்களும் புறஊதா ஒளியை விழுங்குகின்றன; திறந்த கடலில் அவை விழுங்கும் அளவு அலைநீளத்தோடு ஒரு நேர்கோடாக மாறுவதாகக் கருதிக் கழித்தால் போதும், சாக்கடை கலந்த நீரில் அந்தக் கோடு வளைந்துவிடும். சேறு ஒளியைச் சிதறடிக்கும். கண்ணாடிச் சன்னலில் முதலில் வழுவழுப்பான படலமும் பின்னர் கொட்டலசு என்னும் ஓட்டுயிரியும் ஒட்டும். செப்புக் காப்பும் துடைப்பானும் அதைத் தள்ளிப்போடுமே ஒழிய நிறுத்தாது. இன்னொன்று, சுத்திகரிக்கப்படாத சாக்கடையிலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி அம்மோனியமாகவே வருகிறது. அது இந்த ஒளிக்குப் புலப்படுவதே இல்லை. ஆகவே உணரி குறைவாகக் காட்டுவதால் நீர் தூய்மையாகிவிடாது.

பாஸ்பேட்டுக்கு இந்த வழியும் கிடையாது. அதற்கு நிறத்தை நாம்தான் ஏற்ற வேண்டும். மர்பியும் ரைலியும் 1962இல் வகுத்த முறைப்படி, அமில மாலிப்டேட்டும் அஸ்கார்பிக் அமிலமும் சிறிது ஆன்டிமனியும் சேர்த்தால் நீர் நீலமாகும். 880 நானோமீட்டரில் அதை அளக்கலாம். கல்லூரியில் நாங்கள் இதைச் செய்தபோது, பாஸ்பேட்டே இருக்கக்கூடாத வெற்று நீர் கழி நீரைக் காட்டிலும் நீலமானது. முந்தைய நாள் யாரோ குடுவைகளைச் சலவைத்தூள் போட்டுக் கழுவியிருந்தார்கள்! நுண்குழாய்களும் மருந்துப் பைகளும் எல்இடி விளக்கும் கொண்டு இதே வேலையைக் கடலுக்குள் செய்யும் கருவிகள் இன்று உண்டு. அவையும் வெற்று நீர் ஒன்றைப் பையில் சுமந்து சென்று, அதன் நிறத்தைக் கழித்தே விடை சொல்கின்றன.

பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலெழுந்து கடலைத் தானாக அளக்கும் ஆர்கோ மிதவைகள் சிலவற்றில் புறஊதா உணரி இருக்கிறது. விளக்கு மூப்படைந்து எண்கள் நகரும்போது, ஆண்டுக்கணக்கில் நைட்ரேட் அதிகம் மாறாத ஆழ்நீரை அளவுகோலாக வைத்து அவற்றைத் திருத்துகிறார்கள். மாகிமில் அப்படி மாறாத நீர் ஏது? அங்கே உணரிக்குப் பக்கத்திலேயே ஒருவர் படகில் போய்க் குப்பியில் நீர் எடுத்து, உடனே வடிகட்டி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. குடுவையை எதில் கழுவினார்கள் என்று கேட்டுக்கொள்வதும் நல்லது.