ஆப்டமர் எண்ணிலிருந்து மரபணுவுக்கு: சோமாஸ்கேன்.டிபி தரும் விடையை எப்படிப் படிப்பது?

இரத்தம் போன்ற மாதிரிகளில் ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே நேரத்தில் அளக்கும் சோமாஸ்கேன் சோதனை முடிந்து வரும் அடாட் என்ற முடிவுக் கோப்பை, புள்ளியியலுக்கான ஆர் நிரல்மொழியில் திறந்தால், புரதங்களின் பெயர்கள் கண்ணில் படாது. ‘சீக்.10000.28’, ‘சீக்.10001.7’ என்று ஆயிரக்கணக்கில் நெடுவரிசைகள் நிற்கும். இவை புரதங்களின் எண்கள் அல்ல, அவற்றைப் பிடிக்கும் ஆப்டமர்களின் எண்கள். ஆப்டமர் என்பது குறிப்பிட்ட ஒரு புரதத்தோடு ஒட்டுவதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒற்றை இழை டிஎன்ஏ துண்டு. எவ்வளவு ஆப்டமர் ஒட்டியது என்பதை ஒளிர்வு அளவாக அந்தக் கோப்பு சொல்கிறது. எந்த எண் எந்த மரபணுவைச் சேர்ந்தது, அந்த மரபணுவின் வேலை என்ன என்று தேடித் தருவது, உயிரியல் தரவுக்கான ஆர் தொகுப்புகளின் களஞ்சியமான பயோகண்டக்டரில் உள்ள சோமாஸ்கேன்.டிபி தொகுப்பு.

பயோக்மேனேஜர் என்ற நிறுவும் கருவி வழியாக நிறுவ ஒரே வரி போதும். ஆனால் பயோகண்டக்டர் ஆண்டுக்கு இருமுறை புதிய பதிப்பு விடுகிறது, ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஆர் பதிப்போடு கட்டுண்டது. கணினியில் பழைய ஆர் இருந்தால் பழைய தரவுத்தளம்தான் இறங்கும், அதுவும் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல்.

முதல் தடுமாற்றம் சாவியின், அதாவது தேடக் கொடுக்கும் எண்ணின், வடிவத்தில் வரும். தொகுப்பு எதிர்பார்ப்பது ‘10000-28’. ‘சீக்.10000.28’ என்று கொடுத்தால் சாவி செல்லாது என்று சொல்லி நின்றுவிடும். ‘10000-28_3’ போல வாலில் பதிப்பு எண் ஒட்டியிருந்தாலும் அதே கதிதான். அடாட் கோப்பைப் படிக்கும் சோமாடேட்டாஐஓ தொகுப்பின் கெட்சீக்ஐடி என்ற செயற்கூறு இந்த மாற்றத்தைச் செய்துவிடும். பதிப்பு எண்ணை வெட்டும்படி அதனிடம் சொல்ல மறக்கக் கூடாது. இடையில் கோப்பை எக்செலில் திறந்து சேமிப்பது ஆபத்து. லெப்டின் என்ற புரதத்துக்கான 2575-5 என்ற எண்ணை எக்செல் 2575ஆம் ஆண்டு மே மாதம் என்று எடுத்துக்கொண்டு ‘மே-75’ ஆக்கிவிடும். அதன்பின் அந்த வரிசை எதோடும் பொருந்தாது.

தேடல் வேலை பெரும்பாலும் செலக்ட் என்ற ஒரே செயற்கூற்றில் நடக்கிறது. தரவுத்தளத்தின் பெயர், சாவிகள், வேண்டிய நெடுவரிசைகள், இவ்வளவுதான். 10000-28க்கு சிம்பலும் (மரபணுவின் சுருக்கப் பெயர்) என்ட்ரெஸ்ஐடியும் (என்ட்ரெஸ் தரவுத்தளத்தில் அதன் எண்) கேட்டால் சிஆர்ஒய்பிபி2 என்றும் 1415 என்றும் வரும். அது பீட்டா-கிரிஸ்டலின் பி2 புரதத்தின் மரபணு. அட்டவணைகளைக் கையாளும் டிப்ளையர் தொகுப்பை ஏற்றியிருந்தால் அதிலும் ஒரு செலக்ட் உண்டு. கடைசியில் ஏற்றியதுதான் வெல்லும் என்பதால், புரியாத பிழை ஒன்று திரையில் விழும். அனோடேஷன்டிபிஐ என்று தொகுப்பின் பெயரை முன்னால் சேர்த்து அழைத்தால் தொல்லை தீர்ந்தது.

இனிதான் முக்கியமான விஷயம். உள்ளே இருப்பது எஸ்கியூலைட் என்ற தரவுத்தளக் கோப்பு. அது ஆப்டமர் எண்ணை முதலில் என்ட்ரெஸ் மரபணு எண்ணாக மாற்றும். பிறகு அந்த மரபணு எண்ணை வைத்துக்கொண்டுதான் யூனிப்ராட் (புரத எண்), என்செம்பிள் (இன்னொரு மரபணு எண்), ஜீன் ஆன்டாலஜி (மரபணுவின் வேலை வகைப்பாடு) எல்லாவற்றையும் எடுக்கும். ஆக, யூனிப்ராட் நெடுவரிசையில் வருவது அந்த மரபணுவோடு தொடர்புள்ள எண்கள். சில நேரம் மூன்று, நான்கு கூட வரும். ஆப்டமரைத் தேர்ந்தெடுக்கப் பயன்பட்ட புரதம் அவற்றில் எது என்று தொகுப்பு சொல்லாது. புரதத்தின் அடையாளம் வேண்டுமானால் அடாட் கோப்பின் தலைப்பிலேயே இருக்கும் யூனிப்ராட் எண்ணையும், புரதத்தின் முழுப்பெயர் உள்ள டார்கெட்ஃபுல்நேம் நெடுவரிசையையும் நம்பலாம். மரபணுவைப் பற்றிய செய்திக்கு மட்டும் இந்தத் தொகுப்பு என்று வைத்துக்கொள்வது நல்லது.

இந்த வேறுபாடு வெறும் கணக்குப்பிள்ளைத்தனம் அல்ல. 2013இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் சோமாஸ்கேன் வழியாக, வயதான எலிகளின் இரத்தத்தில் ஜிடிஎஃப்11 என்ற புரதம் குறைகிறது என்று அறிவித்தார்கள். 2015இல் நோவார்டிஸ் மருந்து நிறுவனக் குழு சோதித்தபோது, அந்த ஆப்டமரும் அப்போது பயன்பட்ட எதிர்ப்பொருளும் ஜிடிஎஃப்11ஐ மயோஸ்டாட்டின் என்ற அதன் உறவுப் புரதத்திலிருந்து பிரித்தறியவில்லை என்று தெரிந்தது. இரண்டு புரதங்களின் முதிர்ந்த பகுதியும் ஏறத்தாழ 90 விழுக்காடு ஒன்றே. மரபணு நெடுவரிசையில் எழுதியிருக்கும் பெயர் இப்படிப்பட்ட குறுக்கு ஒட்டலைக் காட்டிக்கொடுக்காது.

எதிர்த்திசையிலும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு இல்லை. லெப்டினுக்கு 2575-5, 8484-24 என இரண்டு ஆப்டமர்கள் உண்டு. மரபணுப் பெயரால் தொகுத்துச் சராசரி எடுப்பவர்கள் இரண்டு தனி அளவீடுகளைக் கலந்துவிடுகிறார்கள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று வரைபடம் போட்டுப் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம்.

ஜீன் ஆன்டாலஜி நெடுவரிசையைக் கேட்டால் அட்டவணை வீங்கும். 10001-7க்கு, அதாவது ராஃப்1 மரபணுவுக்கு, ஒரே வரி பல பத்து வரிகளாகும். அதை அளவீட்டு அட்டவணையோடு அப்படியே இணைத்தால் ஒரே ஆளின் அளவு அத்தனை முறை எண்ணப்படும். ஒரு சாவிக்கு ஒரே விடை வேண்டுமென்றால் மேப்ஐடிஸ் என்ற செயற்கூறு இருக்கிறது. ஆனால் அது இயல்பாகவே முதல் விடையை மட்டும் எடுத்து மற்றதை விட்டுவிடும். மல்ட்டிவால்ஸ் என்பதில் ‘லிஸ்ட்’ என்று கொடுத்தால் எல்லாம் வரும்.

பெயரைக் கொடுத்துத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் உடனே ‘சோதனையில் இல்லை’ என்று எழுதிவிட வேண்டாம். மரபணுப் பெயர்கள் மாறுவதுண்டு: சிஏஎஸ்சி4 இப்போது ஜிஓஎல்எம்2. பழைய பெயர்களை அலியாஸ் வகைச் சாவியாகக் கொடுத்துத் தேட வேண்டும். ஒரு பெயர் இரண்டு மரபணுக்களுக்குப் பழைய பெயராக இருந்திருக்கலாம் என்பதால் வந்த விடையையும் சரிபார்க்க வேண்டும். சோதனையின் 5கே, 7கே, 11கே (ஏறத்தாழ 5, 7, 11 ஆயிரம் அளவீடுகள்) பட்டியல்கள் வேறு வேறு என்பதால், உங்கள் மாதிரிகள் ஓடிய பட்டியலை மெனு என்ற இடத்தில் குறிப்பிடுவதும் அவசியம்.

பாத் என்ற நெடுவரிசையைத் தொடாமல் இருப்பதே மேல். அதிலுள்ள கெக் தரவுத்தளத்தின் வழித்தடங்கள் (மரபணுக்கள் சேர்ந்து இயங்கும் வினைத் தொடர்கள்), உரிமக் கட்டுப்பாட்டால் 2011 மார்ச்சோடு நின்றுபோனவை. வழித்தடம் தேவைப்பட்டால் என்ட்ரெஸ் எண்ணை எடுத்துக்கொண்டு ரியாக்டோம் என்ற வழித்தடத் தரவுத்தளத்துக்குப் போகலாம்.