மெடிக்கலுக்குப் போகும் முன் எங்களிடம் வாருங்கள்

அரசு மருத்துவமனையில் கருத்தடை, பாலியல் நலம் பற்றிய ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் மெடிக்கலில் ஏதோ ஒரு மாத்திரையோ களிம்போ வாங்கிப் பார்த்து, சரியாகாமல், யாரிடமும் சொல்லவும் முடியாமல் தவித்த பிறகுதான் வருகிறார்கள். இத்தனைக்கும் இங்கே எல்லாமே இலவசம்.

குடும்ப நலப் பிரிவு என்றாலே கருத்தடை ஆபரேஷன்தான் என்று நினைக்கிறார்கள். ஆணுறை, தினசரி மாத்திரை, வாரம் ஒருமுறை போடும் சாயா மாத்திரை (முதல் 3 மாதம் மட்டும் வாரத்துக்கு இரண்டு), காப்பர் டி என்று நிறைய இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதியில் நிறுத்திவிடுபவர்கள் இதில்தான் அதிகம். ஊசி போட்டபின் மாதவிடாய் முன்பின்னாக வரும், சிலருக்கு வராமலே நின்றுபோகும், உடனே வீட்டில் யாராவது "கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடும்" என்று பயமுறுத்த, அடுத்த ஊசிக்கு வரமாட்டார்கள். அப்படி எதுவும் தங்காது, அது மருந்தின் விளைவு, ஆபத்தில்லை. ஆனால் ஊசியை நிறுத்தியபின் கரு தரிக்கச் சில மாதங்கள் கூடுதலாக ஆகலாம், அதனால் சீக்கிரமே குழந்தை வேண்டும் என்பவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வேறு முறை பார்க்கலாம்.

ஆண்களுக்கான தழும்பில்லாக் கருத்தடை சில நிமிட வேலைதான். ஆனால் 3 மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் சரி என்று வரும்வரை ஆணுறை கட்டாயம். இதை மறந்துவிட்டு, மனைவி கர்ப்பமானதும் அவரைச் சந்தேகப்படுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

நாள் தள்ளிப்போய், கர்ப்பம் வேண்டாம் என்றால் கலைப்பு மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதலோடு சட்டப்படியே செய்துகொள்ளலாம், 18 வயது நிரம்பியிருந்தால் உங்கள் கையெழுத்து போதும், கணவருடையது தேவையில்லை. திருமணமாகாதவர்களுக்கும் இந்த உரிமை உண்டு என்பதை 2022-இல் உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொல்லிவிட்டது.

அரிப்பு, புண், நீர்க்கடுப்பு, வாடையோடு வெள்ளைப்படுதல் என்றால் பாலியல் தொற்றுகளைப் பார்க்கும் சுகவாழ்வு மையத்துக்கு வாருங்கள். வெள்ளைப்படுதல் எல்லாமே உடலுறவால் ஒட்டிக்கொண்டது கிடையாது, அதை வைத்து வீட்டில் சண்டை வேண்டாம். வலியில்லாத புண் தானாக ஆறிவிட்டது என்றும் விட்டுவிடாதீர்கள், சிபிலிஸ் அப்படித்தான் ஆறியதுபோல் காட்டிவிட்டு உடம்புக்குள் தங்கும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், பெனிசிலின் ஊசியில் குணமாகிவிடும். பாலியல் தொற்று என்று உறுதியானால் துணையும் சிகிச்சை எடுக்க வேண்டும், இல்லையென்றால் திரும்ப வரும்.

எச்.ஐ.வி. பரிசோதனை நம்பிக்கை மையத்தில். உங்கள் சம்மதமில்லாமல் எடுக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது, இதற்கு 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. நேரில் வரக் கூச்சமாக இருந்தால் 1097-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது. ஆனால் ஆணுறை கிழிந்துவிட்டது, துணைக்கு எச்.ஐ.வி. இருக்குமோ என்ற பயம் இருக்கிறது என்றால் போனோடு நிறுத்தாதீர்கள், தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். ராத்திரியாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய் விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள்.