பிஸ்கோத்து: பெயரிலேயே செய்முறை உள்ள பண்டம்

"அவன் கிடக்கிறான் பிஸ்கோத்து!" என்றால் அவனைப் பொருட்படுத்த வேண்டாம் என்று அர்த்தம். மளிகைக் கடையில் 'பிஸ்கட்' என்று கேட்பவர்கூட, ஆளை மட்டம் தட்டும்போது 'பிஸ்கோத்து' என்றுதான் சொல்வார். பண்டத்துக்குப் புதுப் பெயர் வந்துவிட, பழைய பெயர் ஏச்சுப் பேச்சில் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தப் பழைய பெயருக்குள் ஒரு சமையல் குறிப்பே அடங்கியிருக்கிறது. அதை அறிந்து செய்தால், காபிக்குத் தொட்டுக்கொள்ள இதைவிடத் தோதான பலகாரம் கிடைப்பது அரிது.

இடைக்கால லத்தீனில் 'பிஸ்' என்றால் இருமுறை, 'கோக்துஸ்' என்றால் வெந்தது. இரண்டும் சேர்ந்த 'பிஸ்கோக்துஸ்' இத்தாலியில் பிஸ்கொத்தோ ஆயிற்று. அதன் பன்மைதான் இன்று காபிக் கடைகளில் கண்ணாடி ஜாடிக்குள் இருக்கும் பிஸ்கொத்தி. பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குப் போனது பிஸ்கட். ஜெர்மானியர் சொல்லைக் கடன் வாங்காமல் பொருளை மட்டும் எடுத்து, இரண்டு, சுடுதல் என்ற தங்கள் சொற்களைச் சேர்த்து 'ட்ஸ்வீபாக்' என்றார்கள்.

இருமுறை சுட்டது ருசிக்காக அல்ல, கெடாமல் இருப்பதற்காக. சாதாரண ரொட்டியில் நூற்றுக்கு 35 முதல் 40 பங்கு நீர். மூன்று நாளில் பூஞ்சை பிடித்துவிடும். மொறுமொறுவென்று உடையும் பிஸ்கட்டில் நீர் 5 பங்குக்கும் குறைவு. மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துக் கல்போலச் சுட்ட பிஸ்கட்டைத்தான் மாதக்கணக்கில் கடலில் போன மாலுமிகள் தின்றார்கள்.

பெயர் நிலைத்தது, பண்டம் நிலைக்கவில்லை. ஸ்பெயினில் 'பிஸ்கோச்சோ' என்று கேட்டால் பஞ்சு போன்ற கேக் வரும். அமெரிக்காவில் பிஸ்கட் என்பது பேக்கிங் பவுடர் போட்டு ஒரே முறை சுட்ட, பிட்டால் ஆவி பறக்கும் மெத்தென்ற ரொட்டி. நாம் பிஸ்கட் என்பதை அவர்கள் குக்கீ என்கிறார்கள். அது 'சிறு கேக்' என்று பொருள்படும் டச்சுச் சொல். இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்கு அச்சில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கும் கொக்கிஸ் இருக்கிறதே, அந்தப் பெயரும் அதே டச்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். மாவு அரிசிமாவாகி, அடுப்பு எண்ணெய்ச் சட்டியாகி, பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

தமிழுக்கு இச்சொல் இருமுறை வந்திருக்கிறது. ஆங்கில உச்சரிப்பிலிருந்து 'பிஸ்கட்' வரும், 'கோத்து' வராது. போர்த்துக்கீசியரின் 'பிஸ்கோய்த்து' காதில் விழுந்தால்தான் பிஸ்கோத்து வரும். சன்னலும் அலமாரியும் சாவியும் வந்த கப்பலில் இதுவும் வந்தது. இலங்கைத் தமிழில் அந்தத் தடம் இன்னும் ஆழம்: ரொட்டிக்குப் பாண், அதைச் சுடும் பெரிய அடுப்புக்குப் போறணை, சமையலறைக்குக் குசினி. மூன்றும் போர்த்துக்கீசியம். ஆங்கிலேயர் காலத்தில் பிஸ்கட் வந்து பிஸ்கோத்தைத் தள்ளிவிட்டது. அன்றைய சென்னை மாகாணத்து மலபாரில், தலச்சேரியில், 1880-இல் மாம்பள்ளி பாப்பு தொடங்கிய அடுமனைக்கு 'ராயல் பிஸ்கட் ஃபேக்டரி' என்று பெயர். இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்லப்படுவது 1883-இல் அங்கேதான் வெந்தது. கேக்குக்குப் பேர்போன கடையும் பிஸ்கட் பெயரைத்தான் பலகையில் எழுதியிருந்தது.

சரி, ஏன் இரண்டு முறை? ஒரே முறையில் அதிக நேரம் வைத்தால் என்ன? வைத்தால் மேலே தீயும், உள்ளே ஈரம் நிற்கும். மாவு வேகும்போது வெளிப்புறம் காய்ந்து தோலாக மூடிக்கொள்கிறது. நடுவில் உள்ள நீர் அந்தத் தோலைத் தாண்டி வெளியேற நெடுநேரம் ஆகும். அதற்குள் தோல் கறுத்துவிடும். வெந்ததை வில்லைகளாக அறுத்தால் புதிதாக இரண்டு முகங்கள் திறக்கின்றன. இனி ஈரம் அரை அங்குலம்கூட நடக்க வேண்டியதில்லை. முதல் சூடு வேகவைக்க. இரண்டாம் சூடு உலர்த்த. இந்த வேறுபாடு மனத்தில் இருந்தால் பாதி தவறுகள் நடக்காது.

இத்தாலியின் பிராத்தோ நகரத்துப் பாதாம் பிஸ்கொத்தியில் வெண்ணெயோ எண்ணெயோ கிடையாது. அங்கே 1858-இல் அன்தோனியோ மத்தேயி தொடங்கிய கடையில் இன்றும் அதைச் செய்து விற்கிறார்கள். நம் வீட்டு மின் அடுப்புக்கு (ஓவன்) ஏற்ற அளவு இது: மைதா 250 கிராம், சர்க்கரை 150 கிராம், முட்டை 2, தோலோடு வறுத்த முழுப் பாதாம் 100 கிராம், பேக்கிங் பவுடர் முக்கால் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, வாசனைக்கு ஏலக்காய்த் தூளோ ஆரஞ்சுத் தோல் துருவலோ. முட்டையும் சர்க்கரையும் வெளுத்து நுரைக்கும்வரை அடித்து, மாவைச் சேர்த்து, கடைசியில் பாதாமைப் போடவும். மாவு கையில் ஒட்டும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மாவு தூவினால் பல்லுக்கு வேலையாகிவிடும். மாறாகக் கையை நனைத்துக்கொண்டு உருட்டலாம். முட்டை சிறியதாக இருந்து மாவு உதிர்ந்தால் ஒரு தேக்கரண்டி பால் போதும்.

இதை இரண்டு கட்டைகளாக, 25 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 2 செ.மீ. உயரத்தில் உருட்டி, பேக்கிங் காகிதம் விரித்த தட்டில் இடைவெளி விட்டு வைக்கவும். வேகும்போது பக்கவாட்டில் பரவும். முன்கூட்டியே சூடாக்கிய அடுப்பில் நடுத்தட்டில், 170 டிகிரி செல்சியஸில் 25 முதல் 30 நிமிடம். மேலே லேசான பொன்னிறம், சிறு வெடிப்புகள், விரலால் அழுத்தினால் மெல்ல எதிர்த்து எழும்ப வேண்டும். இது முதல் வேக்காடு.

அடுத்துத்தான் பலரும் சறுக்குவது. சுடச்சுட அறுத்தால் உள்ளே இன்னும் இளக்கம். கத்தியோடு வந்து பொடியாகும். முழுக்க ஆறவிட்டால் மேல்தோல் இறுகி, பாதாமில் கத்தி முட்டும்போது வில்லை இரண்டாகப் பிளக்கும். 10 முதல் 15 நிமிடம் ஆறவிட்டு, கட்டை கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும்போது, ரொட்டி அறுக்கும் பல்வைத்த கத்தியால் சாய்வாக 1.25 செ.மீ. கனத்தில் அறுக்கவும். மேல்தோலை மட்டும் மெதுவாக முன்னும் பின்னுமாக இழுத்து அறுத்துவிட்டு, பிறகு ஒரே அழுத்தாகக் கீழே இறக்கினால் பாதாமும் சேர்ந்து வெட்டுப்படும்.

அறுத்த முகம் மேலே தெரிய அடுக்கி, 140 டிகிரியில் ஒரு பக்கம் 10 நிமிடம், திருப்பிப் போட்டு இன்னொரு 10 நிமிடம். அடுப்பில் இருக்கும்போது நடுவில் சற்று மெத்தென்றுதான் இருக்கும். அதைப் பார்த்து இன்னும் ஐந்து, இன்னும் ஐந்து என்று நீட்ட வேண்டாம். சர்க்கரை ஆறினால்தான் இறுகும். ஒன்றை எடுத்துக் கம்பித்தட்டில் ஆறவைத்து உடைத்துப் பாருங்கள். 'டக்'கென்று முறிந்தால் சரி, வளைந்து முறிந்தால் மீண்டும் உள்ளே. சிறிய மின் அடுப்புகளில் மேல் கம்பி கிட்டத்தில் இருப்பதால் இரண்டாம் சூட்டில் கருகும் ஆபத்து அதிகம்; கீழ்க் கம்பியை மட்டும் போட்டுக் கொள்ளலாம்.

முழுவதும் ஆறிய பின்தான் டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் அதன் ஆவியே அதை நமத்துப்போகச் செய்யும். கடற்கரை ஊர்களில் திறந்த தட்டில் வைத்தால் சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்து ஒரு ராத்திரியில் நமத்துவிடும். பரவாயில்லை, 130 டிகிரியில் பத்து நிமிடம் காட்டினால் மீண்டும் முறுகும். வெண்ணெய் சேர்த்தால் வாயில் கரையும்தான். ஆனால் காபியிலும் கரையும், சீக்கிரம் சிக்கு வாடையும் வரும். வெண்ணெயும் எண்ணெயும் சேராத இந்த வகை, டபராக் காபியில் நான்கைந்து விநாடி முக்கினாலும் டம்ளர் அடியில் போய் உட்காராது.

இப்போது தமிழ்ச் சொல். பிஸ்கட்டுக்கு 'ஈரட்டி' என்றொரு ஆக்கம் புழங்குகிறது. நல்ல ஆக்கம். அடுதல் என்றால் சமைத்தல். அடுப்பும் அடிசிலும் அட்டிலும் அங்கிருந்து வந்தவை. 'அட்டாலும் பால் சுவையில் குன்றாது' என்று மூதுரை சொல்லும்போது அட்டாலும் என்பது காய்ச்சினாலும். இரண்டு என்பது உயிரெழுத்துக்கு முன் ஈர் ஆகும், ஈராயிரம் போல. ஆக ஈர் + அட்டி, இருமுறை அட்டது: லத்தீனின் சொல்லுக்குச் சொல். ஒரே குறை, காதில் முதலில் 'ஈரம்' விழுகிறது. ஈரத்தை ஒழிக்கப் பிறந்த பண்டத்துக்கு இது சற்று வேடிக்கைதான்.

குறை சொல்லில் அதிகமில்லை, அதைப் பயன்படுத்துவதில்தான். கடையில் பொட்டலத்தில் வரும் தட்டை பிஸ்கட்டுகள் பெரும்பாலும் மெல்லியதாகத் தேய்த்து ஒரே முறை சுட்டவை. மெல்லியதால் ஒரே சூட்டில் உலர்ந்துவிடுகின்றன. அவற்றை ஈரட்டி என்பது ஆங்கிலத்தின் பழைய பிழையைத் தமிழிலும் பதிப்பதாகும். அவற்றுக்கு 'மாச்சில்லு' பொருந்தும்: மாவாலான சில்லு, அவ்வளவே. 'வெதுப்பகம்' என்று ஈழத்தில் பெயர்ப்பலகையிலேயே எழுதுகிறார்கள், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வெதுப்புதல் என்பது இளஞ்சூடு காட்டுவது; 170 டிகிரிக்கு அது மிகவும் சாது. இரண்டாம் சூட்டுக்கு மட்டும் கச்சிதம்: கட்டையைச் சுட்டு, வில்லையை வெதுப்பு.

ஈரட்டி என்ற பெயருக்கு முழு உரிமை உள்ள பண்டம் நம் டீக்கடையிலேயே இருக்கிறது, ரஸ்க். அந்தப் பெயரின் மூலம் 'ரோஸ்கா'. ஸ்பானிய, போர்த்துக்கீசிய மொழிகளில் முறுக்கிய வளைய ரொட்டி. பெயர் வடிவத்தைச் சொல்கிறது, செய்முறையைச் சொல்லவில்லை. வீட்டில் செய்ய, ஒரு நாள் பழைய பால் ரொட்டியை 1.5 செ.மீ. கனத்தில் அறுத்து, 150 டிகிரியில் பக்கத்துக்கு 12 நிமிடம் வைத்து, அடுப்பை அணைத்து, கதவைச் சற்றே திறந்து அதிலேயே ஆறவிடவும். அன்றே சுட்ட ரொட்டி வேண்டாம். அறுக்கும்போது நசுங்கி, நசுங்கிய இடம் உலராமல் ரப்பராக நிற்கும்.